முடக்குவாதத்துக்குப் ‘புற்றுநோய் மருந்து’ ஏற்றலாமா?

கேள்வி:

டாக்டர், குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மைக்கு 51 வயது, ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நாலு வருஷமாக முடக்குவாதம். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் 20 மில்லிகிராம், தினமும் சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுவின், கூடவே சிறிய அளவில் ஸ்டீராய்டு எல்லாம் சாப்பிடுகிறாள். இவ்வளவு சாப்பிட்டும் காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கை மடங்காது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவு 72. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை டிரிப்பில் ஏற்றணும் என்று டாக்டர் சொல்கிறார். போனில் தேடினால் அது புற்றுநோய் மருந்து என்று வருகிறது. “டிரிப்பில ஏத்துற அளவுக்கு முத்திப் போச்சா” என்று சித்தி அழுகிறாள். அப்பாவுக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் காசநோய் வந்து குணமானது. இந்த மருந்தை ஏற்றலாமா? ஏற்றினால் ஆயுள் முழுக்க ஏற்றணுமா? மழைக்காலத்தில் ஆபத்தா? வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவினால் போதும் என்று மாமா சொல்கிறார். அம்மை மறுபடி பால் வெட்டப் போக முடியுமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

முதலில் உங்கள் சித்தியின் அழுகைக்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது அவர் ஒருவருடைய பயம் மட்டுமல்ல. நம் ஊரில் டிரிப்புக்கு இரண்டே அர்த்தம். உடம்பு அசதியாக இருந்தால் “ஒரு குளுக்கோஸ் போடுங்க” என்று நாமே கேட்டு வாங்குவோம். இல்லையென்றால் கடைசிக் கட்டத்தில் கையில் குழாயோடு படுத்திருப்பவர்களைப் பார்த்திருப்போம். உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருக்கும் டிரிப் இந்த இரண்டிலும் சேராது. நோய் முற்றிக் கைவிட்ட பிறகு செய்வதல்ல அது. மூட்டு அரித்துப்போவதற்குள் தடுத்து நிறுத்தச் செய்வது.

அதை ஏன் மாத்திரையாகத் தரக்கூடாது? இந்த மருந்து ஒரு புரதம். சாளை மீனைச் சாப்பிட்டால் குடல் அதை எப்படிச் சிதைத்துச் செரித்துவிடுமோ அப்படியே இதையும் செரித்துவிடும். அதனால்தான் நேராக ரத்தத்துக்குள் செலுத்த வேண்டியிருக்கிறது. இந்த வகை மருந்துகளிலேயே தோலுக்கடியில் வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிகளும் உண்டு. டிரிப்பில் போனால் வலிமை அதிகம், ஊசியில் போனால் குறைவு என்று எதுவும் கிடையாது. மருந்தின் அளவும் தன்மையுமே வழியைத் தீர்மானிக்கின்றன.

‘புற்றுநோய் மருந்து’ என்று போன் சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதிதான் சொன்னது. ரிட்டுக்ஸிமாப் 1997-இல் ஒருவகை நிணநீர்ப் புற்றுக்குத்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முடக்குவாதத்துக்கு 2006-இல் அனுமதி கிடைத்தது. உங்கள் அம்மா நாலு வருஷமாக விழுங்கிவரும் மெத்தோட்ரெக்ஸேட்டின் கதையும் இதேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு 1940-களில் ரத்தப் புற்றுக்காக உருவாக்கிய மருந்து வரிசையில் வந்தது அது. புற்றுக்கு மிகப் பெரிய அளவில் கொடுக்கிறார்கள், மூட்டுக்கு வாரம் 25 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இன்று உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு முதலில் கொடுக்கும் மாத்திரை அதுதான். அதை இத்தனை நாள் பயமில்லாமல் சாப்பிட்ட அம்மாவுக்கு இந்தப் புதுப் பெயரைக் கேட்டுப் பயம் வேண்டாம்.

முடக்குவாதத்தில், கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி மூட்டின் உள் உறையைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. உறை வீங்கித் தடித்துக் குருத்தெலும்பையும் பக்கத்து எலும்பையும் தின்கிறது. இந்தத் தாக்குதலைத் தூண்டிவிடுவதில் ‘பி’ செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குப் பெரிய பங்குண்டு. அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஓர் அடையாளத்தைப் பிடித்து ரிட்டுக்ஸிமாப் அவற்றை ரத்தத்திலிருந்து நீக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் உள்ள தாய்ச் செல்களில் அந்த அடையாளம் இல்லை என்பதால் அவை தப்பிவிடுகின்றன. ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் புதிய பி செல்கள் மறுபடி வந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் முடக்குக் காரணி, ஆன்டி சி.சி.பி. என்ற எதிர்ப்பொருள்களில் ஏதாவது ஒன்று பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது. அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் அதைப் பாருங்கள்.

உங்கள் டாக்டர் இந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அப்பாவின் காசநோய். டிரிப்பில் ஏற்றும் மருந்துகளில் முதலில் வந்தது இன்ஃப்ளிக்ஸிமாப். லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-இல் லண்டனில் அதை முதன்முதலாக முடக்குவாத நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. அது மூட்டு வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கிறது. ஆனால் அதே டி.என்.எஃப்.தான் நுரையீரலில் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிக் கட்டிய சுவரைத் தாங்கி நிற்கிறது. சரிவான விளையில் கையாலை கட்டி மண்ணைத் தடுத்து வைக்கிறோம் அல்லவா? கையாலையின் கல்லை உருவினால் மழையில் மண் இறங்கிவிடும். காசநோயாளிகள் உலகிலேயே அதிகம் உள்ள நாடு நம்முடையது. ஒரே கூரையின் கீழ் அப்பாவோடு இருந்த அம்மாவுக்குள் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. ரிட்டுக்ஸிமாப் அந்தக் கையாலையில் அவ்வளவாகக் கை வைப்பதில்லை. உங்கள் டாக்டர் நன்றாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

அதற்காகக் காசநோய்ப் பரிசோதனையைத் தவிர்க்கச் சொல்லவில்லை. நெஞ்சு எக்ஸ்-ரேயும், தோலில் போடும் மாண்டோ அல்லது ரத்தத்தில் செய்யும் பரிசோதனையும் எடுத்தே ஆக வேண்டும். அதைவிடவும் ரிட்டுக்ஸிமாப்புக்கு முன் தவறவே கூடாதது ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை. மஞ்சள் காமாலை வைரஸ் பழைய தொற்றாகக் கல்லீரலில் ஒளிந்திருந்தால் இந்த மருந்து அதைக் கிளப்பிவிட்டு உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும். ஒரு பரிசோதனை போதாது. மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டையும் பார்க்க வேண்டும். “இரண்டும் பார்த்தாச்சா?” என்று நீங்களே கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் கோபிக்க மாட்டார். கூடவே ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், கிருமியை எதிர்க்கும் புரதமான ஐ.ஜி.ஜி.யின் அளவு ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளை முதல் டோஸுக்குக் குறைந்தது நாலு வாரத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு போட்டால் தடுப்பூசிக்கு உடம்பு சரியாக எதிர்வினை காட்டாது. அம்மா வெற்றிலை போடுபவர் என்றால் பல் டாக்டரிடமும் ஒருமுறை காட்டுங்கள். ஈறில் சீழ் இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை ஆரம்பிக்கக் கூடாது.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் எல்லோருடைய கவனமும் பாட்டில் தொங்கும் அந்த நாலைந்து மணி நேரத்தின் மேல்தான் இருக்கிறது. என் அனுபவத்தில், சிகிச்சை நன்றாக முடிவதும் கெடுவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும் பிந்தைய ஆறு மாதத்திலும்தான்.

மருந்தை நீங்களே கடையில் வாங்கிக் கொண்டுபோக வேண்டியிருந்தால் இன்னொன்று. இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து இது. சூடும் ஆகாது, உறையவும் கூடாது. கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒருவர், மனைவிக்கான மருந்தை மீன் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் புதைத்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார். அத்தனை அக்கறை. திறந்து பார்த்தால் குப்பியில் மருந்து உறைந்து கிடந்தது. உறைந்த புரதம் உருகினாலும் பழைய நிலைக்கு வராது, ஏற்ற முடியாது என்று நான் சொன்னபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார். கடன் வாங்கிய காசு. ஐஸ் பொதியைத் துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியை அதில் ஒட்டாமல் வைக்க வேண்டும் என்று விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முடிந்தவரை மருத்துவமனையே வாங்கி வைக்கட்டும். 2007-லிருந்தே இந்தியாவில் தயாரான ரிட்டுக்ஸிமாப் கிடைக்கிறது, வெளிநாட்டு மருந்தைவிட விலை குறைவு. ஒவ்வொரு முறை 1000 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. பலருக்கு 500 மில்லிகிராமே போதுமானதாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, அம்மாவுக்கு அது சரிவருமா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், மருந்தின் பெயரை எழுதி எடுத்துப் போய் முதல் டோஸுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஏற்றும் நாளில் நடப்பது இது. அரை மணி நேரத்துக்கு முன் ஸ்டீராய்டு ஊசி, காய்ச்சல் மாத்திரை, அலர்ஜி மருந்து. பிறகு முதல் அரை மணி நேரம் மணிக்கு 50 மில்லிகிராம் என்ற வேகத்தில் சொட்டு சொட்டாக இறங்கும். தொந்தரவு இல்லையென்றால் அரை மணிக்கு ஒருமுறை 50, 50 ஆகக் கூட்டுவார்கள். முதல் முறை நாலே கால் மணி நேரம் ஆகும், இரண்டாம் முறை ஒரு மணி நேரம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அன்று காலை அதைச் சாப்பிடலாமா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள், மருந்து ஏறும்போது ரத்த அழுத்தம் இறங்கக்கூடும்.

வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை முதல் டோஸில், முதல் இரண்டு மணி நேரத்தில் வருபவை. தொண்டையில் கரகரப்பு, காது மடலில் அரிப்பு, நடுக்கம், நெஞ்சில் இறுக்கம் போன்றவை. நம் பெண்களிடம் எனக்கு உள்ள ஒரே வருத்தம், எதைக் கேட்டாலும் “ஒண்ணுமில்ல டாக்டர்” என்று சொல்லிவிடுவது. ஒருமுறை ஒரு அம்மா அப்படித்தான் சொன்னார். ஆனால் சேலை முந்தானைக்குள் அவருடைய இடது கை வலது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. முந்தானையை விலக்கிப் பார்த்தால் கை முழுக்கத் தடிப்பு. டிரிப்பை நிறுத்தி, அலர்ஜி மருந்து கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாதி வேகத்தில் மறுபடி ஆரம்பித்தோம். மாலையில் நல்லபடியாக முடிந்தது. சின்ன அரிப்பாக இருக்கும்போதே சொன்னால் வேகத்தைக் குறைத்தால் போதும். மறைத்தால் பெரிதாகும். கூட உட்காரப் போவது நீங்கள், அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

மறுநாளே வலி பறந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்கு இரண்டு நாளில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அது முன்னால் போட்ட ஸ்டீராய்டின் வேலை. ரிட்டுக்ஸிமாப்பின் பலன் தெரிய எட்டு முதல் பதினாறு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் “காசு போச்சு” என்று மனம் விட்டு மெத்தோட்ரெக்ஸேட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன். அந்த மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான் என்பதையும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். தினமும் ஒன்று என்று கவரில் தவறாக எழுதிக் கொடுத்ததை நம்பி ஒன்பது நாள் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சி கூட இறங்காமல் வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். காலண்டரில் அந்தக் கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு வையுங்கள். ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்தாதீர்கள், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். தேதி குறித்த கட்டாயம் கிடையாது. ஏற்றுவதற்கு முன் இரண்டு தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல்கள், முழங்கால்கள் என 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, எத்தனையில் வலி, எத்தனையில் வீக்கம் என்று கணக்கெடுத்து ஒரு மதிப்பெண் போடுவோம். அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலாவது மாதம் மறுபடி எண்ணிப் பார்த்தால் பலன் உண்டா இல்லையா என்பது யாருடைய அபிப்பிராயமும் இல்லாமல் தெரிந்துவிடும். பலன் இருந்தால் ஆறு மாதத்தை ஒட்டி அடுத்த சுற்று, சிலருக்கு அதற்கும் மேல் தாங்கும். பலனே இல்லையென்றால் டோசிலிஸுமாப், அபடாசெப்ட் என்று வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ஐ.ஜி.ஜி. அளவைப் பார்க்க வேண்டும், திரும்பத் திரும்ப ஏற்றினால் அது குறைந்து அடிக்கடி சளித்தொற்று வரலாம்.

நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் வருஷத்தில் பாதி போய்விடும், அதற்குள் மூட்டும் போய்விடும். மழையிலும் ஏற்றலாம். ஆனால் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு மூன்று நாள் பார்ப்பது இனி கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, “ரிட்டுக்ஸிமாப் ஏற்றியிருக்கிறோம்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் நம் பக்கத்தில் மழையோடு வருவது. ஈரத்தில் வெறுங்காலோடு போகக் கூடாது. வெட்டுக் கத்தி கையில் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவிக் கட்ட வேண்டும், சின்னக் கீறல் என்று விடக் கூடாது.

மாமா சொன்ன ஆசானைப் பற்றி. வர்ம வைத்தியம் வேரூன்றிய மண் இது. என் பாட்டிக்குத் தோள் இறங்கியபோது அதை ஏற்றிவிட்டவரும் ஓர் ஆசான்தான், அவரை மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். சூடில்லாத, வீக்கமில்லாத இடத்தில் இதமான எண்ணெய் தடவுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை அழுத்தித் தடவக் கூடாது. அதைவிட முக்கியம் கழுத்து. முடக்குவாதம் தலைக்குக் கீழே உள்ள முதல் இரண்டு எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்களைத் தளர்த்திவிடக்கூடும். அப்படித் தளர்ந்த கழுத்தை நெட்டி எடுக்கத் திருப்பினால் தண்டுவடம் நசுங்கிவிடும். யாராக இருந்தாலும் அம்மாவின் கழுத்தை நெட்டி எடுக்க விடாதீர்கள். பெயர் எழுதாத பொடி, உருண்டை எதுவும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சில கல்லீரலைக் கெடுக்கும். மரச்சீனிக்கிழங்கும் மீனும் தாராளமாகச் சாப்பிடலாம், அதில் வாதம் ஏறாது.

பால் வெட்டப் போக முடியுமா? இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடிவதற்கு முன். முடக்குவாதத்தில் கை மிக விறைத்திருப்பதும் அதே நேரத்தில்தான், ஏனென்றால் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் ஏறுவது அந்த விடியற்காலையில். நாலு வருஷம் உங்கள் அம்மா தினமும் அந்த நேரத்தில் எழுந்து, மடங்காத விரலால் கத்தியைப் பிடித்து, மரம் மரமாகப் போயிருக்கிறார். வீக்கம் குறைந்தால் பிடி திரும்ப வரும். எலும்பு ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தப் பகுதி திரும்பாது, கோணிய விரல் மருந்தால் நேராகாது. கையின் எக்ஸ்-ரேயைப் பார்த்தால் எந்த அளவு என்று உங்கள் டாக்டர் சொல்லிவிடுவார். மறுபடி போவதாக இருந்தால் கத்திப் பிடியில் பழைய சைக்கிள் டியூபை நாலைந்து சுற்றுச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுங்கள், தடித்த பிடிக்கு விரல் மூட்டுகள் அவ்வளவு மடங்க வேண்டாம். முழு வாளியை ஒரு கையால் தூக்கவும், ஷீட் அடிக்கும் மெஷினைச் சுற்றவும் விடாதீர்கள். முதலில் நூறு மரம் போதும்.

முதல் டோஸ் அன்று காலை இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், நரம்பு எளிதாகக் கிடைக்கும். ஏசி அறையில் கை விறைக்கும், ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அலர்ஜி மருந்தால் தூக்கம் வரும், பஸ்ஸில் தனியாக அனுப்ப வேண்டாம். மறுநாள் வெட்டுக்கு வேறு ஆளைச் சொல்லி வையுங்கள். அன்று ஒரு நாளாவது அம்மா வெளிச்சம் வந்த பிறகு எழுந்திருக்கட்டும்.